கடைசிப் பூட்டு கழன்ற பிறகு தொடாதே!

ஓசூர் ஆலைகளில் உயிரைக் காக்கும் ஒரு விதி, உங்கள் கையில் இருக்கும் போனுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த விதி தவறிய இடங்களில் என்ன நடந்தது?

ஓசூர் சிப்காட் பகுதியின் பெரிய ஆலைகளில் மெயின்டனன்ஸ் வேலை பார்ப்பவர்களுக்கு ‘லோட்டோ’ என்ற சொல் அத்துப்படி. லாட்டரிச் சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘லாக் அவுட், டேக் அவுட்’ என்பதன் சுருக்கம் அது. பிரஸ் மெஷினைப் பழுதுபார்க்க இறங்குகிறவர் முதலில் மெயின் சுவிட்சை அணைப்பார். அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். உதவிக்கு இன்னொருவர் இறங்கினால் அவருடைய பூட்டும் அதே கொக்கியில் ஏறும். எலெக்ட்ரீஷியன் வந்தால் மூன்றாவது பூட்டு. வேலை முடிந்து வெளியே வருகிறவர் தன் பூட்டை மட்டும் கழற்றலாம். அடுத்தவர் பூட்டைத் தொடக் கூடாது. கடைசிப் பூட்டு கழன்ற பிறகுதான் மெஷினுக்கு மின்சாரம் வரும்.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சூப்பர்வைசர் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. கொக்கியில் பூட்டு தொங்குகிறதா, இல்லையா? அதுதான் ஒரே கேள்வி.

இதே கேள்வியை உங்கள் போன் தனக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கு ஓர் இடத்தில் பிசகினாலும் போதும். போனின் மொத்தக் கட்டுப்பாடும் முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போய்விடலாம். உண்மையிலேயே அப்படிப் போயும் இருக்கிறது.

பல்சக்கரத்திலிருந்து தொடுதிரைக்கு

1980-ல் டிவிஎஸ் 50 மொபெட்டைக் கொடுத்த ஊர் ஓசூர். டைட்டன் கைக்கடிகாரம் உருவானதும் இங்கேதான். நட்டு, போல்ட்டு, பல்சக்கரம் என்று கண்ணால் பார்த்துச் சரிசெய்யக்கூடிய பொருள்களின் காலம் அது.

இன்று அதே கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து கணினியோடு சேர்ந்தே வண்டிகள் வெளியே வருகின்றன. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் 2013-ல் தொடங்கிய ஏத்தர் நிறுவனத்தின் ஸ்கூட்டர் ஆலை ஓசூரில் இருக்கிறது. போச்சம்பள்ளிப் பக்கம் 500 ஏக்கரில் ஓலா எலெக்ட்ரிக் ஆலை. ஐபோன் பாகங்களைச் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையும் இந்த வட்டாரத்தில்தான். 2020 ஜனவரியில் அறிமுகமான ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டரின் தொடுதிரை, ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டது. வண்டியைச் செய்கிற கையும் போனை வைத்திருக்கிற கையும் ஒரே மென்பொருள் குடும்பத்தைத்தான் தொடுகின்றன.

ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ் கெர்னல். கெர்னல் என்பதை ஆலையின் ஸ்டோர்ஸ் கீப்பர் என்று வைத்துக்கொள்ளலாம். கேமரா, மைக், நினைவகம், நெட்வொர்க் எல்லாம் அவர் வசம். எந்த ஆப்பும் நேராகப் போய் எதையும் எடுத்துவிட முடியாது. அவரிடம் கேட்டு வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எல்லாமே ஃபைல்தான்

1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ், கணினி உலகத்துக்கு ஓர் எளிய பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது: முடிந்தவரை எல்லாவற்றையும் ஃபைலாகப் பாவிப்பது. புகைப்படம் மட்டும் ஃபைல் அல்ல. தொடுதிரை, இணைய இணைப்பு, இரண்டு ஆப்கள் பேசிக்கொள்ளும் குழாய்கூட கெர்னலுக்கு ஃபைல் மாதிரிதான். 1991-ல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இதே வழியில் நடக்கிறது.

ஓர் ஆப் ஃபைலைத் திறந்தால், கெர்னல் அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்கிறது. துணிக்கடையில் பையை வாங்கி வைத்துக்கொண்டு தரும் டோக்கன் போல. கூடவே அந்த ஃபைலின் பெயரில் ஒரு கணக்கும் தொடங்குகிறது: ‘இதை இப்போது பிடித்திருப்பவர் ஒருவர்.’ அதே ஃபைலை இன்னொரு புரோகிராமோடு பகிர்ந்தால் கணக்கு இரண்டு. ஒருவர் மூடினால் மறுபடி ஒன்று. எல்லோரும் மூடி பூஜ்யம் ஆனதும், இனி யாருக்கும் தேவையில்லை என்று கெர்னல் அதைக் கலைத்து, அது இருந்த நினைவக இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். கொக்கியில் தொங்கும் பூட்டுகளின் எண்ணிக்கைதான் இது.

கணக்கு கூடுதலாக நின்றுவிட்டால் இடம் வீணாகும், போன் மெதுவாகும். கணக்கு குறைந்துவிட்டால்தான் ஆபத்து. உள்ளே ஆள் இருக்கும்போதே மெஷினுக்கு மின்சாரம் கொடுத்த கதையாகிவிடும்.

கூட்டிக்கொண்டே போனாலும் ஆபத்து வரலாம் என்பதை 2016 காட்டியது. லினக்ஸில் சாவிகளைப் பாதுகாக்கும் ஒரு பகுதியில், ஒரு குறிப்பிட்ட பிழைப் பாதையில் மட்டும் கணக்கு ஏறும், இறங்காது. அந்தக் கணக்குப் பெட்டி 32 பிட் அகலம் கொண்டது. சுமார் 429 கோடி வரை ஏறிய பிறகு, பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் போலச் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்துவிடும். 429 கோடி முறை யார் தட்டப்போகிறார்கள் என்று தோன்றலாம். கணினிக்கு அது அரைமணி நேர வேலை என்று ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். அடுத்த ஆண்டே, எல்லை தொட்டால் சுற்றாமல் அங்கேயே நின்றுவிடும் புதுக் கணக்குப் பெட்டி லினக்ஸில் சேர்ந்தது. இடம் வீணானாலும் பரவாயில்லை, ஆள் நசுங்கக் கூடாது என்ற முடிவு அது.

‘வந்தால் சொல்லுங்க’

பூட்டுக் கணக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காத்திருப்பவர்களின் கதை.

போனில் இருக்கும் ஆப்கள் பெரும்பாலான நேரம் எதற்காகவோ காத்துக்கொண்டே இருக்கின்றன. விரல் படும், மெசேஜ் வரும், அலாரம் அடிக்கும் என்று. ஜூஜூவாடியில் ஏறி அத்திப்பள்ளி தாண்டும்போது போன், தமிழ்நாட்டு வட்டத்திலிருந்து கர்நாடக வட்டத்துக்கு மாறுகிறது. அந்தச் செய்தியும் உள்ளே தேவைப்படுகிறவர்களுக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும்.

பழைய முறையில், காத்திருக்கிற புரோகிராம் ஒவ்வொரு முறையும் தன் முழுப் பட்டியலையும் கெர்னலிடம் நீட்டும். கெர்னல் ஒவ்வொன்றாகப் பார்த்து ‘இதில் உண்டா, அதில் உண்டா’ என்று தேடும். 1983-ல் பெர்க்லி யூனிக்ஸில் வந்த ‘செலக்ட்’ இப்படிப்பட்டது. பத்து இணைப்பு என்றால் சரி. பத்தாயிரம் என்றால் தேடுவதே முழுநேர வேலை ஆகிவிடும்.

2002-ல் டேவிட் லிபென்சி லினக்ஸுக்குக் கொண்டுவந்த ‘ஈபோல்’ இதைத் திருப்பிப் போட்டது. ஒருமுறை போய், அந்த அந்த மெஷினில் தன் பெயர்ச் சீட்டை ஒட்டிவிட்டு வந்தால் போதும். விஷயம் நடக்கும்போது மெஷினே மணி அடித்துக் கூப்பிடும். அதுவரை நிம்மதியாகத் தூங்கலாம். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பின் முக்கிய வேலைச் சுழலும் இந்த ஈபோலில்தான் காத்திருக்கிறது. இந்தப் பக்கத்தை விரலால் மேலே தள்ளியபோது திரை நகர்ந்தது அல்லவா? அதற்கு முன் அடித்த மணியும் அதுதான். பாக்கெட்டில் கிடக்கும் போன் பேட்டரியை வீணாக்காமல் இருப்பதற்கு, இப்படித் தூங்கிக் காத்திருப்பது ஒரு முக்கியக் காரணம்.

பூட்டு மாட்டாத ஆள்

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சீட்டு ஒட்டுகிற ஈபோல், கொக்கியில் பூட்டு மாட்டுவதில்லை.

அது கவனக்குறைவு அல்ல. தெரிந்தே எடுத்த முடிவு. ஈபோலும் பூட்டு மாட்டினால், உபயோகிப்பவர்கள் எல்லோரும் வெளியேறிய பிறகும் அந்த ஒரு பூட்டு தொங்கிக்கொண்டே இருக்கும். மூடப்பட்ட இணைப்புகள் கலையாமல் குவியும். வேடிக்கை பார்க்கிறவருக்காக மெஷினை நிறுத்தி வைப்பது போல ஆகிவிடும். அதனால், ஒரு ஃபைல் கலையும்போது அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளைக் கிழித்துவிட்டுத்தான் கலைய வேண்டும் என்று ஏற்பாடு.

கிழிக்க மறந்தால்?

மெஷின் போன இடத்தில் வேறு ஒருவருடைய பீரோ வந்திருக்கும். பழைய ஞாபகத்தில் ஈபோல் தன் சீட்டை எடுக்கப் போகும். கையில் சிக்குவது யாருடைய பொருளோ. கெர்னலுக்கு எதையும் மாற்றி எழுதும் அதிகாரம் உண்டு என்பதால், அந்த இடத்தில் என்ன இருந்தாலும் மாறிவிடும். தாக்குகிறவரின் தந்திரம், காலியான அந்த இடத்தில் சரியான சமயத்தில் தன் சரக்கைக் கொண்டுபோய் வைப்பதுதான். மற்றதைக் கெர்னலின் கையே செய்துகொடுத்துவிடும்.

அடைத்த ஓட்டை, வந்து சேராத சிமென்ட்

ஆண்ட்ராய்டில் ஆப்கள் ஒன்றோடொன்று பேச ‘பைண்டர்’ என்ற பாதை உண்டு. பேசுகிற ஒவ்வொரு கிளை வேலைக்கும் கெர்னலில் ஒரு சிறு பெஞ்சு போடப்படும். ஈபோல் தன் சீட்டை அந்தப் பெஞ்சிலேயே ஒட்டும். ‘நான் கிளம்புகிறேன்’ என்று கிளை வேலை சொன்னதும் பெஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சீட்டு ஒட்டியவருக்குச் சொல்ல வேண்டும் என்பது விட்டுப்போயிருந்தது.

2017 நவம்பரில் கூகுளின் தானியங்கிச் சோதனை இயந்திரமான ‘சிஸ்பாட்’ இந்தப் பிழையில் தடுக்கி விழுந்து தகவல் கொடுத்தது. 2018 பிப்ரவரிக்குள் லினக்ஸில் திருத்தமும் சேர்ந்துவிட்டது. திருத்தம் மிகச் சிறியது: பெஞ்சைத் தூக்குவதற்கு முன் ஒரு கடைசி மணி. ‘சீட்டு ஒட்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பெஞ்சு போகிறது.’

ஆனால், அதைப் பாதுகாப்பு ஓட்டை என்று யாரும் அடையாளப்படுத்தவில்லை. ஆண்ட்ராய்டின் மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கையில் அது இடம்பெறவில்லை. ஏற்கெனவே கடைக்கு வந்த போன்களும், பழைய கெர்னலோடு புதிதாக வந்த போன்களும் அந்த ஓட்டையோடே ஓடின. கூகுளின் சொந்தப் பிக்சல் 2 போனில்கூட 2019 வரை திருத்தம் போய்ச் சேரவில்லை.

2019 செப்டம்பர் கடைசியில், கூகுளின் ‘புராஜெக்ட் ஜீரோ’ குழுவைச் சேர்ந்த மேடி ஸ்டோன் இதைக் கண்டுபிடித்தார். யாரோ இந்த ஓட்டையை ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவல் கிடைத்து, அதைப் பின்தொடர்ந்து போய்ப் பிடித்தது அது. வழக்கமாக நிறுவனங்களுக்குக் கொடுக்கும் 90 நாள் அவகாசம், இந்த முறை 7 நாள்தான். பாதிப்பு இருக்கக்கூடிய போன்கள் என்று அக்டோபர் தொடக்கத்தில் வெளியான பட்டியலில் ரெட்மி 5ஏ, ரெட்மி நோட் 5, மி ஏ1, ஓப்போ ஏ3, சாம்சங் எஸ்8 எல்லாம் இருந்தன. நம் ஊர் பஸ்ஸில், டீக்கடையில் அன்றைக்குப் பலர் கையில் இருந்த போன்கள். பிழைக்குக் கிடைத்த எண் சிவிஇ-2019-2215. அந்த மாத ஆண்ட்ராய்டு அப்டேட்டில் திருத்தம் வந்தது.

2020 ஜனவரியில் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் அடுத்த அதிர்ச்சியைச் சொன்னது. பிளே ஸ்டோரிலேயே இருந்த ‘கேமரோ’ என்ற ஆப், இதே ஓட்டை வழியாகப் போனின் உச்ச அதிகாரத்தைப் பிடித்து, ஓர் உளவு ஆப்பைச் சத்தமில்லாமல் உள்ளே இறக்கியது. இருப்பிடம், ஃபைல்கள், திரையின் படம், ஜிமெயில், ஃபேஸ்புக் தகவல்கள் வரை அது அள்ளியது. அது 2019 மார்ச்சிலிருந்தே இயங்கியிருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு. அதாவது, லினக்ஸில் திருத்தம் எழுதி ஓர் ஆண்டு ஆன பிறகு!

சிமென்ட் தயாராகத்தான் இருந்தது. ஓட்டை இருந்த வீட்டுக்கு அது வந்து சேரவில்லை.

பூஜ்யத்துக்குப் பிறகு ஒன்று கிடையாது

அத்தோடு பாடம் முடிந்துவிடவில்லை. 2024 மே மாதம் ஈபோலில் இன்னொரு நுணுக்கமான பிழை வெளிப்பட்டது. இதற்கும் முதல் மணி அடித்தது சிஸ்பாட்தான்.

ஒரு ஃபைலின் கடைசிப் பூட்டு கழன்றுவிட்டது. கணக்கு பூஜ்யம். சீட்டுகளைக் கிழித்துக் கலைக்கும் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. கண்ணிமைப்பதைவிடப் பலமடங்கு குறைந்த அந்த இடைவெளியில், ஈபோல் வந்து ‘ஏதாவது உண்டா?’ என்று அதே ஃபைலைக் கேட்கிறது. பெரும்பாலான ஃபைல்கள் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். ஆனால், கேமராவும் திரையும் படங்களைப் பகிர்ந்துகொள்ள உதவும் ஒரு வகை ஃபைல் மட்டும், பதில் சொல்வதற்கு முன் பாதுகாப்புக்காகத் தன் மேலேயே ஒரு பூட்டை மாட்டிக்கொள்ளும். பூஜ்யம் ஒன்றானது. பதில் சொல்லிவிட்டுப் பூட்டைக் கழற்றியதும் மறுபடி பூஜ்யம். கலைக்கும் வேலை இரண்டாவது முறையும் தொடங்கியது. ஒரே வீட்டை இரண்டு தடவை இடிக்கப் போனால், இரண்டாவது தடவை இடிபடுவது அங்கே புதிதாகக் குடிவந்தவருடைய வீடு.

லைனஸ் டோர்வால்ட்ஸ் தானே உட்கார்ந்து இதைத் திருத்தினார். ஈபோல் இனி எதையும் கேட்பதற்கு முன், தானும் ஒரு பூட்டை மாட்ட வேண்டும். மாட்டுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கொக்கியில் ஏற்கெனவே ஒரு பூட்டாவது தொங்க வேண்டும். பூஜ்யம் என்றால் அது செத்த ஃபைல். கேட்காமல் திரும்பிவிட வேண்டும். பார்ப்பதும் மாட்டுவதும் பிரிக்க முடியாத ஒரே அசைவாக நடக்க வேண்டும். ‘பார்த்தேன், இருந்தது, மாட்டப் போனேன், காணோம்’ என்பதற்கு இடமே கிடையாது.

ஆலை விதியோடு ஒப்பிட்டால் இது புரியும். கடைசிப் பூட்டு கழன்று, மெஷின் ஓடப்போகிறது என்று அறிவித்த பிறகு, ‘ஒரு நிமிஷம், ஸ்பேனரை விட்டுட்டேன்’ என்று உள்ளே கையை விடக் கூடாது. ஏற்கெனவே கழன்ற பூட்டை நினைத்துக்கொண்டு கை விட்டால் கை போகும். மறுபடி அணைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இத்தனை கோடி பேர் பயன்படுத்தும் மென்பொருளில் இருபது வருடத்துக்கும் மேல் பழைய ஒரு பகுதியில் இன்னும் பிழை வருகிறதே என்று தோன்றலாம். ஈபோல் எழுதியபோது போட்ட விதி அன்றைய ஃபைல்களுக்குப் போதுமானதாக இருந்தது. பிற்பாடு புது வகை ஃபைல்கள் வந்தன. ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த நல்ல பழக்கத்தோடு வந்தது. தனித்தனியே சரியாக இருந்த இரண்டு பழக்கங்கள் சந்தித்த இடத்தில்தான் பிழை முளைத்தது. இரண்டு ஷிஃப்ட்டும் ஒழுங்காக வேலை செய்தாலும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் விபத்து நடப்பதில்லையா? அது போல.

உங்கள் பங்கு என்ன?

கெர்னலைத் திருத்துவது அவர்கள் வேலை. திருத்தம் வீடு வந்து சேர்வதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

* போனின் செட்டிங்ஸில் ‘செக்யூரிட்டி அப்டேட்’ தேதியைப் பாருங்கள். புது அப்டேட் காத்திருந்தால், ‘பிறகு’ என்று தள்ளாமல் இரவு சார்ஜில் போட்டுவிட்டு ஏற்றிவிடுங்கள். ‘சிறு திருத்தங்கள்’ என்று ஒரு வரியில் வருவதற்குள் இப்படிப்பட்ட பூட்டுகள் இருக்கலாம்.

* புதுப் போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் கிடைக்கும் என்றும் கேளுங்கள்.

* அப்டேட் நின்றுபோன பழைய போனைத் தாத்தா பாட்டிக்கோ பிள்ளைகளுக்கோ கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கொடுக்கலாம். பேங்க் ஆப், யுபிஐ அதில் வேண்டாம்.

* கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் செலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் தொடாதீர்கள். தேவையில்லாத ஆப்களை நீக்குங்கள். ‘கேமரோ’ பிளே ஸ்டோரிலேயே இருந்ததை மறக்க வேண்டாம்.

* மின்சார ஸ்கூட்டருக்கும் இணையம் வழியே அப்டேட் வருகிறது. சர்வீஸுக்கு விடுவது போல அதையும் நேரத்துக்குச் செய்யுங்கள். வண்டியை நிறுத்திவைத்து, முடியும் வரை காத்திருங்கள்.

* பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கிவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பைண்டர் ஓட்டைக்கான திருத்தம் எழுதி முடித்த நாளுக்கும், பலருடைய போனில் அது ஏறிய நாளுக்கும் நடுவே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. கேமரோ வேலை செய்ததும் அந்த இடைவெளியில்தான். அதில் பெரும்பகுதி நிறுவனங்கள் விட்ட தாமதம். கடைசி நாலைந்து நாள் மட்டும், ‘பிறகு’ என்ற பட்டனை அழுத்தும் நம் விரலில் இருக்கிறது.